தம் திறக்கச் சொல்பவள்

பெயர் வேண்டாம். காட்பாடியில் ஹாஸ்டலில் இரண்டு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள், ஆம்பூர்க்காரி, ஒல்லி, கூட நடந்தால் நமக்கு மூச்சு வாங்கும் என்று மட்டும் சொன்னால் போதும்.

அவளோடு சாப்பிடப் போன யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. அவள் உட்கார விடமாட்டாள். தட்டு வந்ததும் தூக்கி முகத்தருகே கொண்டுபோவாள். ஒரு வாய் எடுப்பாள். மெல்லும்போதே கண் பக்கத்து மேஜைக்குப் போகும், அங்கிருந்து கல்லாவுக்கு, அங்கிருந்து தெருவுக்கு. பிறகு துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்துவிடுவாள்.

"இது இல்ல. வா."

நான் போளூர்ப் பக்கம். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் அம்மாவின் கை முதுகில் விழும் வீட்டில் வளர்ந்தவள். வைத்த சோற்றை விட்டுவிட்டு எழுந்திருப்பது எனக்குப் பாவம் மாதிரி. அதனால் அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு "சீக்கிரம்டி" என்று நச்சரித்துக்கொண்டிருக்கும்போது, என் தட்டையும் அவள் தட்டையும் நானே அவசர அவசரமாகக் காலி செய்வேன். இரண்டு வருடத்தில் என் சுடிதார்களை எல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. அவள் மட்டும் அதே ஒல்லி.

காட்பாடி என்ன சாதாரண ஊரா? யுனிவர்சிட்டி கேட்டுக்கு எதிரே நின்று கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு மாநிலத்துச் சாப்பாட்டின் மேல்தான் விழும். மணிப்பூர்ப் பையன்கள் மோமோ வேகவைப்பார்கள். பக்கத்தில் ஆந்திரா மெஸ்ஸில் பருப்புப் பொடிக்கு நெய் ஊற்றுவார்கள். அதற்கடுத்து பீகார்க்காரர் கரியில் மாவுருண்டை சுடுவார். ஒரு சாயங்காலத்துக்குள் இவை அத்தனையிலும் ஒவ்வொரு வாய் வைத்துவிட்டு, "இங்க ஒண்ணுமில்ல, டவுனுக்குப் போலாம்" என்று பாகாயம் பஸ்ஸில் ஏறிவிடுவாள். தண்ணீரே இல்லாத பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டிக்கொண்டு வருவாள். திரும்பி வரும்போது ஹாஸ்டல் கேட் மூடிவிடுவார்களே என்று ஓட்டமும் நடையுமாக வருவோம். வார்டன் எங்களைப் பார்த்தாலே, "வாங்கம்மா, இன்னிக்கு எந்தக் கடைய ஜப்தி பண்ணிட்டு வர்றீங்க?" என்பார்.

கடைக்காரர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். சத்துவாச்சாரியில் ஹைவே ஓரமாக ஒரு பரோட்டாக் கடை. அவள் தட்டைத் தூக்கி முகர்வதையும், சுற்றி எல்லோர் முகத்தையும் பார்ப்பதையும் கவனித்துவிட்டு, கல்லுக்கு முன்னால் நின்ற மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இன்னா பாப்பா, வீடியோ எடுக்கறியா? சொல்லிட்டு எடுக்க மாட்டியா? இரு, துண்டு மாத்திக்கினு வர்றேன்."

"வீடியோ இல்லண்ணா."

"பின்ன இன்னாத்துக்கு மோந்து மோந்து பாக்கற? கறி நேத்து கறின்னு நெனச்சியா?"

"இல்லண்ணா, நல்லாருக்கு" என்றவள், அடுத்த நொடி என் காதில், "இது இல்ல. வா" என்றாள். மாஸ்டர் சலவைத் துண்டோடு வந்து பார்க்கும்போது நான் மட்டும் இரண்டு தட்டோடு அசடு வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திமிர் என்றுதான் நினைத்தேன். ஆம்பூரில் பிறந்தவளுக்கு மற்ற ஊர்ச் சாப்பாடு இளப்பம் என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன். "உன் ஊரு பிரியாணிதான் ஒசத்தின்னா அங்கயே போய்ச் சாப்புடேன். என் உயிர எதுக்குடி வாங்கற?" அவள் அந்தத் தெருவின் கடைசியில் புதிதாக விளக்குப் போட்டிருந்த ஒரு ஷவர்மா கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்மை தெரிந்தது ஒரு கத்தரிக்காயால். அவள் அம்மா அடிக்கடி, யாராவது தெரிந்தவர் காட்பாடிக்கு ரயிலேறினால், டப்பாவில் கத்தரிக்காய்த் தொக்கு கொடுத்தனுப்புவார். இளவம்பாடி முள்ளுக்கத்தரி, புளி போட்டு எண்ணெய் மிதக்க வதக்கியது. வேலூர் வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த முறை டப்பா கொண்டுவந்தவர் அதை எங்கேயோ வைத்துவிட்டு நாலு நாள் கழித்துத்தான் கேட்டில் கொடுத்தார். நான் குளித்துவிட்டு அறைக்குள் வருகிறேன், குப்பென்று அடித்தது. ஏதோ எலி செத்துக் கிடக்கிறது என்று கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தால், அவள் ரொட்டியில் அந்தத் தொக்கைத் தடவித் தின்றுகொண்டிருக்கிறாள். பாதி டப்பா காலி.

"அம்மா கை அம்மா கைதான்" என்றாள்.

நான் டப்பாவைத் தட்டிவிட்டேன். "ஏய், கெட்டுப்போச்சுடி! நாறுது!"

அவள் தரையில் கொட்டியதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாறுதா?" என்றாள். "எப்டி நாறுது? சொல்லு."

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். ஊரெல்லாம் படுத்த அந்தப் பெரிய ஜுரத்தில் அவளும் படுத்தாள். ஜுரம் போனது, மூக்கும் கூடவே போய்விட்டது. நாக்குக்கு உப்பு, புளிப்பு, காரம் தெரியும். வாசனை என்று ஒன்று மட்டும் இல்லை. டாக்டர், வந்துவிடும், தினமும் ஏதாவது முகர்ந்துகொண்டே இரு என்றாராம். சிலருக்கு ஒரு மாதத்தில் வந்தது. அவளுக்கு வரவில்லை. எங்காவது ஒரு கடையில், முன்பின் தெரியாத ஏதாவது ஒரு வாசனை உள்ளே போய்க் கதவைத் திறந்துவிடும் என்று நம்பினாள். அதனால் ஒரு கடைக்கு ஒரு வாய்க்கு மேல் செலவழிக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

"வந்தா வருது, வராட்டிப் போவுது. சாப்பாடு எறங்குது இல்ல?" என்றேன். என் புத்தி அவ்வளவுதான்.

"உனக்குத் தெரியாது. அக்கா கல்யாணம் வருது" என்றாள்.

அவள் அப்பா ஆம்பூரில் கல்யாணங்களுக்குப் பிரியாணி போடும் மாஸ்டர். சீரகச் சம்பாவைக் கறியோடு சேர்த்து, பெரிய டேக்சாவை மூடி, மூடிமேல் தணலைக் கொட்டிவிட்டால், அப்புறம் திறந்து பார்க்கிற பேச்சே இல்லை. பாதியில் திறந்தால் தம் போய்விடும். முன்னாடி திறந்தால் சோறு சொதசொதவென்று இருக்கும், தாமதித்தால் அடிபிடித்த வாசனை டேக்சா முழுக்க ஏறிவிடும். மூடியின் ஓரத்தில் கசிகிற ஆவியை முகர்ந்துதான் நேரம் சொல்ல வேண்டும். அவள் சிறு பிள்ளையாக இருந்தபோதிலிருந்து அதைச் சொல்வது அவள்தான். அப்பா கூப்பிடுவார், அவள் வந்து குனிவாள், "இப்ப" என்பாள், திறப்பார்கள். ஊரில் அவளுக்கு அது ஒரு பேர். பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பி அழைத்துப்போன கல்யாணங்கள்கூட உண்டாம். ஜுரத்துக்குப் பிறகு படிப்பு, பரீட்சை என்று சாக்குச் சொல்லித் தப்பித்துவந்தாள்.

"அக்கா கல்யாணத்துக்கு அப்பா வேற மாஸ்டர வெப்பாரா? அவர்தான் போடப் போறாரு. மாப்ள வூடு வாணியம்பாடி. ஆம்பூர்ப் பிரியாணில இன்னா கொறன்னு பாக்கத்தான் வருவாங்க. அத்தினி பேர் முன்னாடி அப்பா என்ன கூப்டுவாரு. நான் போயி குனிஞ்சிட்டு இன்னான்னு சொல்றது?"

"வூட்ல சொல்லிடேன்."

"அக்கா கல்யாண நேரத்துல போய் மூக்கில்லன்னு சொல்ல சொல்றியா? அப்பாக்கு ஒடஞ்சிரும்டி."

அதன்பிறகு நான் தொல்லை தாங்காமல் அல்ல, துணைக்கே போனேன். அவளுக்கு மூக்கும் நானே ஆனேன். அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். டவுனில் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றி வங்காளிகளுக்கென்றே இருக்கும் ஓட்டல்களில் ஒன்றுக்குப் போயிருந்தோம். வைத்தியத்துக்கு வந்தவர்கள், கூட வந்தவர்கள், கையில் ஸ்கேன் கவரோடு மீனும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா வாசன வருது?" என்றாள்.

"மீன் வாசன."

"மீன் வாசன எனக்குத் தெரியாதா? எப்டி வருதுன்னு கேக்கறேன்."

"கடுகு... அரைச்ச கடுகு. மூக்குல ஏறுது."

"ஏறி?"

"ஏறி இன்னா, கண்ல தண்ணி வருது."

"அப்பறம்?"

"அப்பறம் உன் தலை! பேஜார் பண்ணாத, சாப்பிட வுடு."

அவள் விடவில்லை. ஆனால் என்னைவிட அதிகமாக எதிர் மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு வங்காளிப் பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாரோ என்னவோ, முகத்தில் தூக்கமே இல்லை. பரிமாறும் பையன் குழம்புக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்ததும், சாப்பிடத் தொடங்குமுன்பே, அவர் தோள் இரண்டும் மெல்ல இறங்கின. "அவருக்கு வந்துடுச்சு, பாரு" என்றாள் அவள். எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை. அவள் தட்டில் இருந்த மீனை முள்ளெடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி மாதங்கள் போயின. ஆற்காட்டு மக்கன் பேடாவிலிருந்து கோட்டைப் பக்கத்துச் சுண்டல்வரை எல்லாவற்றையும் வாயால் விவரித்துவிட்டேன். என் மூக்குக்கு ஒரு கூர்மையே வந்துவிட்டது. எண்ணெய் எத்தனையாவது முறை காய்கிறது என்பதைத் தெருமுனையிலேயே சொல்வேன். அவள் மூக்கு மட்டும் திறக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அவள் தூங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கிராம்பு டப்பாவைத் திறந்து முகர்வாள், மூடுவாள், எலுமிச்சம்பழத்தைக் கீறி முகர்வாள், எழுந்து நடப்பாள். பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன்.

"நான் வர்றேன். நீ குனியறப்ப உன் பின்னாடியே நிப்பேன். வாசன வந்ததும் உன் முதுகுல அழுத்தறேன். நீ 'இப்ப'ன்னு சொல்லு."

அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எலும்பு குத்தியது.

எங்கள் யோசனையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எனக்கு ஆம்பூர் தெரியாது, அந்த ஊரில் நான் இறங்கியதே இல்லை. அவளுக்கோ மூக்கு நன்றாக இருந்த காலத்திலும் அந்த ஊரின் வாசனை தெரிந்ததில்லை, பிறந்ததிலிருந்து அதிலேயே இருப்பவள். அதனால் இரண்டு பேருக்குமே அது நினைவுக்கு வரவில்லை.

கல்யாணத்தன்று காலை ஆம்பூரில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். தோல் கம்பெனிகளின் வாடை வந்து முகத்தில் அறைந்தது. ஊறிய தோலும் சுண்ணாம்பும் ஏதேதோ மருந்தும் கலந்த வாடை. துப்பட்டாவால் மூக்கை மூடினேன். தெருவில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. டீ ஆற்றுகிறார்கள், பேசுகிறார்கள், குழந்தைக்கு பிஸ்கட் ஊட்டுகிறார்கள். மண்டபம் வேறு ஊர்க்கோடியில், கம்பெனிக் காற்று நேராக வந்து சேரும் பக்கம். அவள் புதுப் பட்டுத் துணியில் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "இன்னாடி, மூக்க மூடிக்கினு?" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. 

மண்டபத்துக்குப் பின்னால் திறந்த வெளியில் டேக்சாக்கள் வரிசையாக இருந்தன. அவள் அப்பா குள்ளமான மனிதர், முழங்கைவரை முடியே கிடையாது, தணலில் பொசுங்கிப் பொசுங்கி அப்படி ஆனதாம். நிக்காஹ் முடிந்து வாணியம்பாடிப் பெரியவர்கள் நாற்காலிகளில் வந்து உட்காரத் தொடங்கினார்கள். அவர் திரும்பி மண்டபத்தைப் பார்த்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எல்லோரும் திரும்பினார்கள். யாரோ ஒருவர், "அந்தப் பொண்ணா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

அவள் குனிந்தாள். நான் அவளுக்குப் பின்னால் ஒட்டி நின்று மூச்சை இழுத்தேன். தோல். மறுபடி இழுத்தேன். சுண்ணாம்பு. நெஞ்சு நிறைய இழுத்தேன், குமட்டிக்கொண்டு வந்தது. வேலூரெல்லாம் சுற்றிப் பழக்கிய மூக்கு என்னைக் கைவிட்டுவிட்டது. அவள் முதுகில் வைத்த கையை அழுத்தாமலே எடுத்துவிட்டேன்.

அவள் நிமிர்ந்தாள். அப்பாவின் பக்கம் சாய்ந்து, அவருக்கும் எனக்கும் மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"அப்பா, எனக்கு வாசன வர்ல. ஜுரத்துலருந்தே வர்ல."

அவர் அவளைப் பார்க்கவில்லை. தணலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கும் வராதும்மா" என்றார்.

"இன்னாப்பா?"

"கம்பெனில சுண்ணாம்புத் தொட்டிகிட்ட வேல செஞ்சேனே, அப்பவே போய்டுச்சு. நீ குட்டிப் புள்ள, டேக்சா கிட்டயே சுத்திக்கினு இருப்ப. ஒரு நேரம் வந்தா உன் மொகம் மாறும். அதப் பாத்து ஒருவாட்டி தெறந்தேன், சரியா இருந்துச்சு. அப்பறம் உன்ன வுடவே இல்ல. நீ வராதப்ப எல்லாம் குத்துமதிப்புதான்." தணலில் ஒரு கரியைத் தள்ளிவிட்டார். "உங்க அம்மாக்கே தெரியாது."

 டேக்சா அதுபாட்டுக்கு வெந்துகொண்டிருந்தது. மூக்கில்லாத இரண்டு பேர், மூக்கு அடைத்துப்போன ஒருத்தி, மூன்று பேரும் ஒரு மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இப்ப இன்னா செய்றது?" என்று அந்த மனிதர் மகளைக் கேட்டார்.

அவள் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒவ்வொரு கடையிலும் செய்வதைச் செய்தாள். கண்ணைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தாள். நாற்காலிகளில் இருந்தவர்கள், வேனுக்கு அருகே நின்ற டிரைவர்கள், பந்தல் கம்பைச் சுற்றி ஓடிப்பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் என்று அவள் கண் ஓர் இடத்தில் நிற்கவில்லை. எல்லோரும் அந்த வட்டாரத்துக்காரர்கள், வாணியம்பாடியிலும் தோல் கம்பெனிகள்தான். தோல் வாடை என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மூக்குக்கு டேக்சாவைத் தவிர வேறெதுவும் வந்து சேரப்போவதில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு டிரைவர் போன் பேசிக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பினார். அப்பா மூடிமேல் இருந்த தணலைத் தள்ளக் கம்பியை எடுத்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். காத்திருந்தாள்.  பிள்ளைகளில் ஒன்று ஓட்டத்தை நிறுத்தியது. வாணியம்பாடிப் பெரியவர் ஒருவர் யாரிடமோ நிலத் தகராறு ஒன்றை விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தவர், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு எச்சிலை விழுங்கினார். அவர் தோள் மெல்ல இறங்கியது.

"இப்ப" என்றாள்.

தணலைத் தள்ளி மூடியைத் தூக்கினார்கள். ஆவி பந்தலுக்கு ஏறியது. அந்த நேரத்தில் தோல் வாடையையும் தாண்டிக்கொண்டு என் மூக்குக்கே அது வந்துவிட்டது. அரிசி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. அந்த வாணியம்பாடிப் பெரியவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்து, "மூக்குன்னா இதான் மூக்கு, கேள்விப்பட்டது சரிதான்" என்றார். அப்பா குனிந்து அடுத்த டேக்சாவுக்குக் கரியைத் தள்ளிக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை இரண்டு முறை துடைத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் பரிமாறி முடிந்தபிறகு அவளும் நானும் அப்பாவும் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். அவள் தட்டை முகத்தருகே கொண்டுபோகவில்லை. கத்தரிக்காயைப் பிசைந்து, தயிர்ப் பச்சடியை ஊற்றி, அவசரமில்லாமல் சாப்பிட்டாள். நான் பழக்கதோஷத்தில் செருப்பைக் காலால் தேடிக்கொண்டே அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன், "இது இல்ல, வா" எந்த நொடியிலும் வரும் என்று.

"எங்கடி ஓடற? உக்காந்து துன்னு" என்றாள். கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டாள்.

இப்போது அவள் எங்கோ நல்ல வேலையில் இருக்கிறாள். எலுமிச்சையும் மண்ணெண்ணெயும் மட்டும் லேசாக வருகிறதாம். மற்றது எதுவும் வரவில்லை. ஆனால் பெரிய கல்யாணம் என்றால் அப்பா இன்னும் கூப்பிடுகிறார், அவள் லீவு போட்டுவிட்டுப் போகிறாள். ஊருக்காக ஒருமுறை குனிகிறாள். அப்புறம் நிமிர்ந்து பார்க்கிறாள்.

ஆகவேதான் பெயர் வேண்டாம் என்றேன். ஆம்பூரில் ஏதாவது கல்யாணத்துக்குப் போய்ப் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது, டேக்சா பக்கத்திலிருந்து ஒரு ஒல்லியான பெண் உங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் தப்பாக நினைக்காதீர்கள். பிரியாணி வெந்துவிட்டதா என்று உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.